கத்திக்கு முன் கலந்தாய்வு

நோய் வந்தால் வைத்தியரிடம் போவது, அவர் சொன்னதைச் செய்வது. எமது தலைமுறை ஊரிலே அறிந்திருந்த ஒழுங்கு இவ்வளவுதான். சந்தியடியில் ஒரு வைத்தியர் இருந்தார். அவர் கைக்குள் அடங்காத நோயானால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கும் ஒரு பெரிய வைத்தியரே பார்த்தார், அவரே தீர்மானித்தார். புற்றுநோய் என்று தெரிந்தால் மகரகமவுக்கு அனுப்பினார்கள். போர்க்காலத்தில் அந்தப் பயணமே நோயைவிடப் பெரிய துன்பமாயிருந்தது.

அந்த ஒழுங்கிலே வளர்ந்த எமக்கு, ஒரு நோயாளியின் சிகிச்சையைத் தீர்மானிப்பதற்கு எட்டுப் பத்துப் பேர் கூடவேண்டும் என்பதும், அவர்கள் கூடும் நாள்வரை நாம் காத்திருக்கவேண்டும் என்பதும் விளங்காத சங்கதிகளாகவே இருக்கின்றன. விளங்காத காத்திருப்பு சந்தேகமாக மாறுகிறது. சந்தேகம் சில குடும்பங்களை ஆபத்தான முடிவுகளுக்குத் தள்ளுகிறது. அவ்வாறு விளிம்புவரை சென்று திரும்பிய ஒரு குடும்பத்தின் அருகில் நாம் இருந்தோம். அந்த அனுபவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. சம்பந்தப்பட்டவரின் அனுமதியுடனேயே எழுதுகிறோம். பெயரை மட்டும் அவர் விரும்பவில்லை.

எம்முடன் ஒரே பாடசாலையில் கணிதம் கற்பித்தவர் அவர். நாம் வரலாறும் தமிழும் கற்பித்தோம். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். இலண்டனுக்கு வந்த நாள் முதல் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் இரவு பகலாக நின்று பிள்ளைகளை வளர்த்தவர். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் மலத்துடன் இரத்தம் போவதைக் கண்டார். மூலவியாதி என்று தாமே முடிவு செய்தார். உடற்சூடு என்று காரத்தைக் குறைத்தார், கோழியை நிறுத்தினார், யாரோ அனுப்பிவைத்த கசாயத்தைக் குடித்தார். அரசாங்கச் சுகாதாரசேவை தபாலில் அனுப்பியிருந்த மலப் பரிசோதனைப் பெட்டி உறை பிரிக்கப்படாமல் மேசை லாச்சிக்குள் கிடந்தது. மனைவிக்குக்கூடச் சொல்லாமல் ஒன்பது மாதங்களைக் கடத்தினார். ஒருநாள் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. குழாய்க் கமரா மூலம் குடலைப் பார்த்தார்கள், சிறு துண்டெடுத்துச் சோதித்தார்கள். நேர்குடலில் புற்றுநோய்.

அதன்பின் நடந்ததே எமது விடயம். வைத்தியசாலையில் அவருக்குச் சொல்லப்பட்டது இது: ஸ்கான்கள் எடுக்கவேண்டும், அவை கிடைத்ததும் சகல துறை வைத்தியர்களும் கூடி ஆராய்வார்கள், அதன் பின்னரே சிகிச்சை தொடங்கும், சத்திரசிகிச்சைக்கு முன்னர் கதிர்வீச்சுத் தேவைப்படலாம். குடும்பம் கொதித்தது. "டொக்குத்தர்மார் கூடிக் கதைக்கிறதுக்கு என்ன கிடக்கு? கட்டி இருக்கெண்டு தெரிஞ்சாப் பிறகு வெட்டி எறிய வேண்டியதுதானே?" என்றார் மைத்துனர். சென்னையில் தனியார் வைத்தியசாலை ஒன்று பத்து நாளில் வெட்டித்தரும் என்று ஓர் உறவினர் தொலைபேசியில் உறுதி சொன்னார். விமானச்சீட்டின் விலைகூட விசாரித்தாயிற்று.

இவ்விடத்தில் எமது பிழையையும் சொல்லவேண்டும். எம்மிடமும் ஆலோசனை கேட்டார்கள். 'அகதியாக வந்தவன் என்றுதான் இழுத்தடிக்கிறார்கள், போவதுதான் நல்லது' என்று நாமும் சொன்னோம். ஒன்றும் அறியாமல் சொன்னோம். பின்னர், மனம் பொறுக்காமல், அவருடன் வைத்தியசாலைக்குச் சென்று அங்கிருந்த விசேட தாதியிடம் காரணம் கேட்டோம். அந்தப் பெண்மணி ஒரு தாளை எடுத்து இடுப்பெலும்பை வரைந்தார். அன்று தொடங்கிப் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டதை எமது வாசகர்களுக்குச் சொல்வது ஓர் ஆசிரியனின் கடன் என எண்ணுகிறோம். நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் வைத்தியர்கள் எதற்காகக் கூடுகிறார்கள் என்பதை அறிய வைத்தியப் பட்டம் தேவையில்லை.

ஒடுங்கிய இடத்து நோய்

பெருங்குடலின் கடைசிப் பகுதி நேர்குடல். தமிழ்நாட்டில் மலக்குடல் என்பர். நீளம் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். வயிற்றுக்குள் விசாலமாகக் கிடக்கும் ஏனைய குடலைப்போல அன்றி, இது இடுப்பெலும்பு என்னும் ஒடுங்கிய கிண்ணத்துக்குள் இறுக அமர்ந்திருக்கிறது. முன்னால் சிறுநீர்ப்பை. ஆண்களுக்குப் புரொஸ்ரேற் சுரப்பி, பெண்களுக்குக் கருப்பையும் யோனியும். இரு பக்கமும் சிறுநீரையும் தாம்பத்திய உறவையும் ஆளும் மெல்லிய நரம்புகள். கீழே மலத்தை அடக்கும் தசை வளையம். இந்த நெருக்கத்துக்குள் வளரும் கட்டியை அதன் வேர்களோடு எடுக்கவேண்டும், அயலில் உள்ளவற்றைக் காக்கவும் வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் மேலே அல்லது கீழே என்பது, ஒருவர் இயல்பாக மலம் கழிப்பாரா, வாழ்நாள் முழுவதும் வயிற்றில் பை அணிவாரா என்பதைத் தீர்மானித்துவிடும்.

இங்கு வெட்டு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு நூற்றாண்டுக்கு மேலான விடை இருக்கிறது. இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ற் மைல்ஸ் தமது 57 நோயாளரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது 54 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. கீழ்ப்புறமாக மட்டும் வெட்டியது போதவில்லை என்று உணர்ந்த அவர், வயிற்றின் வழியாகவும் கீழ்ப்புறமாகவும் சேர்த்து நேர்குடலை முற்றாக அகற்றும் முறையை 1908இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியிட்டார். உயிர்கள் காக்கப்பட்டன. அதற்குரிய விலையாக நோயாளர் நிரந்தரமாகப் பையைச் சுமந்தனர்.

அடுத்த பெரும் பாடம் பெருநகரத்தில் அன்றி, ஹாம்ஷயரின் பேசிங்ஸ்ரோக் நகரில் பிறந்தது. நேர்குடலைச் சுற்றிப் போர்வைபோல ஒரு கொழுப்புப் படலம் உண்டு. நோயின் துகள்கள் அந்தப் படலத்திலேயே தங்கியிருந்து பின்னர் முளைக்கின்றன என்பதை பில் ஹீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது துணைவர்களும் 1982இல் எடுத்துக்காட்டினர். படலத்தைக் கிழிக்காமல், நேர்குடலோடு சேர்த்து முழுப்பொதியாக எடுக்கவேண்டும் என்பது அவர்களின் முடிவு. இன்று உலகெங்கும் அதுவே முறை.

வெட்டுபவரின் கை திருந்தியதுடன் கதை முடியவில்லை. 1997இல் வெளியான சுவீடன் ஆய்வில் 1,168 நோயாளர் பங்குபற்றினர். சத்திரசிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் 27 சதவீதமானோருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் கதிர்வீச்சுப் பெற்றவர்களில் அது 11 சதவீதம். அது ஹீல்டின் முறை எங்கும் பரவியிராத காலம் என்று சொல்லலாம். அம்முறையில் வெட்டினாலும் கதிர்வீச்சு உதவுமா என்று நெதர்லாந்தில் சோதித்தார்கள். 2001இல் விடை வந்தது. முறையாக வெட்டப்பட்டவர்களில் ஈராண்டுக்குள் நோய் அதே இடத்தில் திரும்பியது 8.2 சதவீதம். அதற்கு முன் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 2.4 சதவீதம்.

எமது நண்பரின் வீட்டாருக்கு நாம் காட்டிய கணக்கு ஜேர்மனியில் 2004இல் வெளியானது. அந்த ஆய்வில் இரு பிரிவினருக்கும் கொடுத்த சிகிச்சை ஒன்றே: கதிர்வீச்சும் இரசாயன மருந்தும் சத்திரசிகிச்சையும். ஒரு பிரிவினருக்கு வெட்டுவதற்கு முன் கதிர்வீச்சு, மற்றவர்களுக்கு வெட்டிய பின். முன்னர் பெற்றவர்களில் 6 சதவீதமானோருக்கும் பின்னர் பெற்றவர்களில் 13 சதவீதமானோருக்கும் ஐந்தாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது. உயிர்வாழ்ந்தோர் தொகையில் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் இடுப்புக்குள் திரும்பிவரும் இந்த நோயின் வேதனையைக் கண்டவர்கள் அந்த வேறுபாட்டைச் சிறிதென்று கொள்ளமாட்டார்கள். வரிசை மாறினால் விடை மாறும் என்பதைக் கணித ஆசிரியருக்கு நாம் விளக்கவேண்டியிருக்கவில்லை. கணக்கைப் பார்த்ததும், சீட்டு வாங்கவேண்டாம் என்று மைத்துனரிடம் அவரே சொல்லிவிட்டார்.

முதலில் வெட்டிவிட்டால் இந்த வரிசையைப் பின்னர் திருத்த முடியாது. 'உடனே வெட்டுங்கள்' என்ற அவசரத்தின் ஆபத்து இதுவே. சென்னையிலும் கொழும்பிலும் திறமையான வைத்தியர்கள் இருக்கிறார்கள். அங்கும் நல்ல நிலையங்களில் இப்படிக் கூடி ஆராய்ந்தே தீர்மானிக்கிறார்கள். நாம் அஞ்சுவது ஊரை அல்ல. கூடிப் பேசாமல் பத்து நாளில் வெட்டித்தருவதாகச் சொல்பவரிடம், அவர் எந்த ஊரில் இருந்தாலும், அவசரத்தோடு பணத்தையும் எடுத்துக்கொண்டு போவதையே அஞ்சுகிறோம்.

மேசையைச் சுற்றி அமர்வோர்

இங்கிலாந்திலும் இந்த ஒழுங்கு ஆதியிலிருந்தே இருந்ததன்று. வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசல் விட்டு வெளியேறிய 1995ஆம் ஆண்டிலே, இங்கே கெனத் கல்மன், டியட்ரி ஹைன் என்ற இரு தலைமை வைத்திய அதிகாரிகளின் பெயரால் அறியப்படும் அறிக்கை வெளியானது. நோயாளி எந்த ஊரில் வசிக்கிறார் என்பதைப் பொறுத்துப் புற்றுநோய்ச் சிகிச்சையின் தரம் மாறக்கூடாது, தனித்தனி வைத்தியர்களிடம் விடாமல் பல்துறைக் குழுக்களிடம் பொறுப்பு இருக்கவேண்டும் என்று அது வற்புறுத்தியது. 2000ஆம் ஆண்டின் தேசிய புற்றுநோய்த் திட்டம் அதனை மேலும் உறுதியாக்கியது.

வாரந்தோறும் கூடும் அந்த மேசையில் யார் அமர்கிறார்கள்? கதிர்ப்பட நிபுணர் எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் காட்டுகிறார். கட்டி படலத்தின் ஓரத்தைத் தொடுகிறதா, நிணநீர்க் கணுக்களில் பரவியிருக்கிறதா, தசை வளையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்கிறார். நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் கண்டதைச் சொல்கிறார். சத்திரசிகிச்சை நிபுணர் எதை எடுக்கலாம், எதைக் காக்கலாம் என்கிறார். புற்றுநோய் நிபுணர் கதிர்வீச்சும் மருந்தும் தேவையா, எந்த வரிசையில் என்கிறார். நோயாளியை அறிந்த விசேட தாதி அவரது நிலையை எடுத்துரைக்கிறார். ஒருவர் கண்ணுக்குத் தப்புவது மற்றவர் கண்ணில் படும்.

இதனால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு 2006இல் 'பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் கான்சர்' சஞ்சிகையில் வந்த ஒரு கணக்கைக் காட்டலாம். இங்கிலாந்தின் ஒரு புற்றுநோய்ச் சிகிச்சை வலயத்தில், எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக் குழு ஆராயாமல் நேரே வெட்டப்பட்டோர் 62 பேர். அவர்களில் 16 பேருக்கு வெட்டிய ஓரத்தில் நோய் மிஞ்சியிருந்தது. குழு ஆராய்ந்து, வெட்டு மட்டுமே போதும் என்று தெரிந்தெடுத்த 116 பேரில் ஒரேயொருவருக்கே அவ்வாறு மிஞ்சியது. நோயாளரைச் சீட்டுக்குலுக்கிப் பிரித்த ஆய்வு அன்று இது. ஆதலால் முழு வித்தியாசமும் கூட்டத்தினாலேயே வந்தது என்று சாதிக்க முடியாது. ஆயினும் யாரை உடனே வெட்டலாம், யாரை முதலில் வேறு சிகிச்சைக்கு அனுப்பவேண்டும் என்று பிரித்தறிவதில் கூட்டத்தின் பங்கை இது தெளிவாகக் காட்டுகிறது.

ஆண்டுதோறும் தெரிவுகள் பெருகிவருவதால் அந்த மேசையின் தேவையும் பெருகிவருகிறது. மேற்பரப்பில் நிற்கும் சிறு கட்டிக்குக் கதிர்வீச்சே வேண்டியதில்லை. படலத்தின் ஓரத்தை நெருங்கிய கட்டிக்கு ஐந்து வாரங்களுக்கு மேல் கதிர்வீச்சும் மாத்திரையும் தேவைப்படலாம், சிலருக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு போதும். வேறு சிலருக்கு இரசாயன மருந்து முழுவதையும் வெட்டுவதற்கு முன்னரே கொடுக்கிறார்கள். கதிர்வீச்சுக்கும் விலை உண்டு. குடலின் இயக்கமும், தாம்பத்தியமும், பிள்ளைப்பேறும் பாதிக்கப்படலாம். தெரிந்தெடுத்த சில நோயாளருக்கு மருந்தை முதலில் கொடுத்துக் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்று 2023இல் அமெரிக்காவில் முடிந்த பேராய்வு ஒன்று காட்டியது.

பிறேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் அஞ்சலிற்றா ஹாபர்-காமா என்ற பெண் சத்திரசிகிச்சை நிபுணர் இன்னும் துணிந்த கேள்வியைக் கேட்டார். கதிர்வீச்சினாலும் மருந்தினாலும் கட்டி முற்றாக மறைந்துவிட்டால் வெட்டத்தான் வேண்டுமா? 2004இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 265 பேரில் 71 பேருக்குக் கட்டி மறைந்திருந்தது. அவர்களை வெட்டாமல் கண்காணித்தார். அன்று சக வைத்தியர்கள் பலர் நம்ப மறுத்த அம்முறை இன்று பல நாடுகளில் ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் இது மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பதன்று. சில மாதங்களுக்கொரு முறை தவறாமல் பரிசோதனைக்குப் போகவேண்டும். திரும்பி முளைத்தால் உடனே வெட்டவேண்டும்.

நியூயோர்க்கிலிருந்து 2022இல் வந்த செய்தியையும் எம்மவர் பலர் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பியதைக் கண்டோம். டொஸ்ரார்லிமாப் என்ற மருந்தை மட்டும் பெற்ற முதல் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. 2025இல் அத்தொகை 49 ஆக உயர்ந்தது, அத்தனை பேருக்கும் மறைந்தது. செய்தி உண்மை. ஆனால் மரபணுத் திருத்தத்தில் ஒரு குறிப்பிட்ட பழுது உள்ள கட்டிகளுக்கே இது பொருந்தும். நேர்குடல் புற்றுநோயாளரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட அத்தகைய கட்டி இருப்பதில்லை. உங்கள் கட்டி அந்த இனமா என்பதைச் சொல்லவேண்டியவர் நோயியல் நிபுணர். செய்தியை அனுப்பிய மச்சான் அல்லர்.

மகளின் வாயால்

இவ்வளவும் வைத்தியர்களின் பக்கம். இனி எமது பக்கத்தைப் பார்ப்போம்.

முதற் சந்திப்புகளில் எமது நண்பருக்காக மொழிபெயர்த்தவள் பதினேழு வயது மகள். தந்தையை நேசிக்கும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. வைத்தியசாலையும் அதை ஏற்றுக்கொண்டது. வைத்தியர் சொன்னார்: கட்டி மிகவும் கீழே இருக்கிறது, நிரந்தரமாகப் பை அணிய நேரலாம், நரம்புகள் பாதிக்கப்பட்டால் தாம்பத்திய உறவு முன்போல் இராது. பிள்ளை இதை எப்படித் தன் தகப்பனுக்குச் சொல்வாள்? "ஒப்பிறேசன் செய்தா எல்லாம் சரிவருமாம் அப்பா" என்றாள். தந்தை தலையசைத்தார். நிரந்தரப் பைக்கு நோயாளி சம்மதம் என்று எழுதப்பட்டது. அந்தக் குறிப்பே மேசைக்குப் போயிற்று.

அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல எமக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் சுமக்கவேண்டியதை அவள்மீது ஏற்றியவர்கள் நாம். எம்முள் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் குடிவரவு அலுவலகத்திலிருந்து வைத்தியசாலைவரை பெற்றோரின் வாயாக இருந்து, கேட்கக்கூடாத வயதில் கேட்கக்கூடாதவற்றைக் கேட்டிருக்கிறார்கள்!

விசேட தாதியுடன் நாம் பேசிய அன்று, அடுத்த சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யும்படி கேட்டோம். கேட்டதும் செய்தார்கள். கேட்காமலே செய்திருக்கவேண்டும் என்பது எமது முறைப்பாடு. வந்தவர் குடும்பத்துக்கு அந்நியமான ஒரு நடுவயதுக்காரர். சொன்னதைச் சொன்னபடி சொன்னார். நண்பர் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர் அவர் கேட்ட முதற்கேள்வி, "எத்தனை சென்ரிமீற்றர்?" என்பது. கட்டிக்கும் தசை வளையத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கேட்டார். அளவு சொன்னார்கள். கட்டி சுருங்கினால் அந்த அளவு கூடுமா என்று அடுத்துக் கேட்டார். வைத்தியர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நாம் கண்டோம்.

கசாயத்தைப் பற்றி அவர் வாய்திறந்ததும் அன்றுதான். இரத்தப் பரிசோதனையில் ஈரல் ஏன் ஒழுங்காக இல்லை என்று அவர்கள் குழம்பியிருந்ததை அதன்பின் அறிந்தோம். வீட்டின் ஒரே உழைப்பாளி தாம் என்பதையும், பையைத் தவிர்க்கச் சிறு வாய்ப்பு இருந்தாலும் அதற்காக மாதங்கள் காத்திருக்கத் தாம் தயார் என்பதையும் சொன்னார். குழு மீண்டும் கூடியது. ஐந்து வாரங்களுக்கு மேல் கதிர்வீச்சும் மாத்திரையும் கொடுத்து, சில வாரங்கள் பொறுத்து, மறுபடி படம் எடுத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

கட்டி மறைந்துவிடவில்லை, சுருங்கியது. அதனால் தசை வளையத்தைக் காத்துச் சத்திரசிகிச்சை செய்ய முடிந்தது. சில மாதங்களுக்குத் தற்காலிகப் பை. அக்காலத்தில் அவர் எம்மிடம் தனியே கேட்டது ஒன்றுதான்: "இதோட கோயிலுக்குள்ள போகலாமோ?" எமது சமூகம் இந்த நோயாளர்மீது சுமத்தும் பாரம் அவ்வளவும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. உயிரைக் காத்த வழியை அசுத்தம் என்று எண்ணும் எண்ணமே அசுத்தம் என்று சொன்னோம். அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே போனோம்.

பை இப்போது இல்லை. ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிடவும் இல்லை. காலையில் ஐந்தாறு தடவை மலசலகூடத்துக்கு ஓடவேண்டியிருக்கிறது. இரவு வேலையை விட்டுவிட்டார். ஒவ்வொரு பரிசோதனை முடிவுக்கும் வீடே மூச்சை அடக்கிக் காத்திருக்கிறது. அவர் குணமாகிவிட்டார் என்று எழுத நாம் அஞ்சுகிறோம். அவரது உடம்புக்கு என்ன செய்யப்பட்டது, ஏன் செய்யப்பட்டது என்பதை அவர் அறிந்திருக்கிறார் என்று மட்டும் எழுதுகிறோம்.

செய்யவேண்டியவை

வைத்தியசாலைகள்மீதும் குறை உண்டு. ஒரே அமர்வில் பல நோயாளரைப் பற்றிப் பேசவேண்டியிருப்பதால் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. படமும் இரத்தமும் திசுவும் மேசைக்கு வருமளவுக்கு நோயாளியின் விருப்பு வருவதில்லை. முடிவு ஆங்கிலக் கடிதமாக வீட்டுக்கு வருகிறது. மேசை நல்லதாயினும், அதற்குப் போகும் செய்தி பிழையானால் முடிவும் பிழைக்கும். அந்தச் செய்தியைச் சரியாக அனுப்பும் பொறுப்பில் ஒரு பாதி எம்முடையது.

தபாலில் வரும் பரிசோதனைப் பெட்டியை லாச்சிக்குள் வைக்காதீர்கள். இங்கிலாந்தில் 50 வயது முதல் 74 வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை அது இலவசமாக வருகிறது. செய்து அனுப்ப ஐந்து நிமிடம் போதும். மலத்தில் இரத்தம் கண்டால் வயது எதுவாயினும் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். மூலமா அல்லவா என்பதை அவர் சோதித்துச் சொல்லட்டும். பெண்களுக்கு இதில் கூச்சம் அதிகம். பெண் வைத்தியரைக் கேட்டுப் பெறலாம்.

மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. மகனும் மகளும் அருகில் இருக்கட்டும், மகனாகவும் மகளாகவும் மட்டும் இருக்கட்டும். வைத்தியரிடம் சில கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: என் நோயைப் பற்றிக் குழு கூடி ஆராய்ந்ததா? எம்.ஆர்.ஐ. படத்தில் ஓரம் எப்படி இருக்கிறது? முதலில் எந்தச் சிகிச்சை, ஏன் அது முதலில்? பை தற்காலிகமா, நிரந்தரமா? வேறு தெரிவு உண்டா? குடிக்கும் கசாயத்தையும், செய்யும் வேலையையும், எதை இழக்க மனம் ஒப்பாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காத்திருப்பு ஏன் என்று தெரியாவிட்டால் கேளுங்கள். காரணமுள்ள காத்திருப்பும் உண்டு, கவனக்குறைவால் வரும் காத்திருப்பும் உண்டு. இரண்டையும் பிரித்தறியக் கேள்வி ஒன்றே வழி. குடும்ப வைத்தியரின் அவசரக் கடிதத்திலிருந்து 62 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது இந்நாட்டுச் சுகாதாரசேவை தனக்குத் தானே விதித்த இலக்கு. எல்லா இடங்களிலும் அது எட்டப்படுவதில்லை. நாள் கடந்தால் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு.

கோயில்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். எம்மிடையே தமிழறிந்த வைத்தியர்களும் தாதிகளும் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். இந்நோயைக் கடந்தவர்கள் நால்வர் மேடையேறிப் பேசினால், லாச்சிக்குள் கிடக்கும் பெட்டிகள் பல வெளியே வரும்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன். நாம் பல்லாண்டு வகுப்பில் அதைப் பொருள்சொல்லிப் படிப்பித்தோம். நோயுற்றவனை அவர் முதலிலே வைத்திருக்கிறார் என்பதை அந்த வைத்தியசாலை அறையில்தான் கவனித்தோம். வியாழக்கிழமைதோறும் வைத்தியர்கள் கூடும் அந்த மேசையில் எமக்குக் கதிரை போடமாட்டார்கள். எமது சொல் அங்கே போகலாம். அது மெய்யான சொல்லாக, எமது வாயிலிருந்தே புறப்பட்ட சொல்லாகப் போகட்டும்.